முதுகில் தொங்கிய வெள்ளிச் சாவி

பவுனு சிஸ்டர் இறந்துவிட்டாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உப்பளத்து வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டால் பேசவில்லை என்றுதான் செய்தி வந்தது. அப்போது நான் கிளினிக்கில் லேப்பைத் திறந்து மைக்ராஸ்கோப்பின் உறையை எடுத்துக்கொண்டிருந்தேன். உப்பள மேஸ்திரி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றார்.

"விஜிம்மா, கொஞ்சம் வர்றீங்களா? சிஸ்டரு வரப்புல குந்திக்கினு இருக்குது. கூப்பிட்டா பதிலே இல்ல."

"பின்னாடியிருந்து கூப்பிட்டீங்களா?"

"அய்யோ, அப்படிக் கூப்பிடுவோமா? சுத்திப் போயி, பாத்திக்குள்ள எறங்கி, முன்னாடி நின்னுதான் கூப்பிட்டோம்."

அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. துப்பட்டாவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளத்தான் நேரமாயிற்று.

நினைவஞ்சலி எழுதும்போது 'அவர்' என்று மரியாதையாக எழுத வேண்டுமாம். என் கைக்கு அது வரவில்லை. என்னைவிட மூத்தவள் என்று அவள் சொல்வாள், நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. கடைசிவரை நீ, வா, போ என்றுதான் பேசினோம். மரக்காணத்தில் அவளைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்களுக்காக, நடந்ததைக் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

அன்று காலை உப்பு வார வந்த பெண்கள் எல்லோரும் அவளைப் பார்த்திருக்கிறார்கள். முதுகைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவள் குப்பத்திலிருந்து கிளினிக்குக்கு உப்பளத்துக் குறுக்கு வழியாகத்தான் தினமும் வருவாள். வழியில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதும் உண்டு. அன்றும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது தோள் வழியாக முந்தானை பின்னால் விழுந்திருந்தது, அதன் முனையில் அவளுடைய வெள்ளிச் சாவி தொங்கியது. காற்றில் அது ஆடி, கோத்திருந்த வளையத்தில் பட்டு, 'டிங்' என்று அவ்வப்போது சத்தம் வந்துகொண்டே இருந்தது. சத்தம் வருவதால் அவள் அசைகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே போய் வந்திருக்கிறார்கள். பின்னாலிருந்து அவளைக் கூப்பிடக் கூடாது என்பது இந்தக் கரை முழுக்கத் தெரியும். அதனால் வெயில் ஏறும்வரை, ஒரு பிணத்தோடு கூடவே வேலை பார்த்திருக்கிறார்கள்.

நான் போனபோது அவள் கால்கள் பாத்தித் தண்ணீரில் இருந்தன. கணுக்காலைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கண் திறந்தே இருந்தது. நான் முன்னால் போய் நின்று, தொட்டுப் பார்த்து, மூடிவிட்டேன். சாவி மட்டும் அப்போதும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

நம்மில் யாருக்குத்தான் அவள் இடுப்பில் ஊசி போடவில்லை? மருந்தை ஏற்றிக்கொண்டே, "திரும்பிப் பாக்காதீங்க, முடிஞ்சிடும்" என்பாள். எம்.எல்.ஏ. வீட்டு மாமியாருக்கும் அதே வார்த்தைதான், உப்பளத்து ஆளுக்கும் அதே வார்த்தைதான். சொல்லி முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். எங்கள் கிளினிக்கில் குழந்தைகள் டாக்டரைப் பார்த்து அழுததில்லை. வராண்டாவில் அந்த 'டிங்' கேட்டதும்தான் அழ ஆரம்பிக்கும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லிபியாவில் பல வருஷம் நர்ஸாக இருந்து, அங்கே சண்டை வந்ததும் ஊர் திரும்பியவள் என்று சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவள், கழுத்து நிறையத் தங்கம் இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். வந்தவள் கழுத்தில் தாலிச் சரடு ஒன்றுதான் தங்கம். மற்றதெல்லாம் வெள்ளி. கறுப்புத் தோல் கயிற்றில் ஐந்து சாய்சதுரங்கள் கோத்த ஒரு பதக்கம். கைகளில் கனமான காப்புகள், அவற்றின் முனைகளில் பல முகமாகச் செதுக்கிய குமிழ்கள். முதுகில் அந்தச் சாவி.

நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே. வெள்ளி காலுக்கு, தங்கம் கழுத்துக்கு. கொலுசும் மெட்டியும் வெள்ளியில் போடுவோம், இடுப்புக்கு மேலே வெள்ளி ஏறினால் வீட்டில் கஷ்டம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வோம். முதல் நாளே ஒரு கிழவி நேராகக் கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, பேரு பவுனுங்கிற. கால்ல போடறத இன்னாத்துக்கு முதுகுல தொங்க வுட்டுனு இருக்க?"

"அந்த ஊர்ல இதான் ஆயா பவுனு" என்று பவுனு சிரித்தாள்.

டாக்டர் விடவில்லை. நர்ஸ் கையில் நகை இருந்தால் இன்ஃபெக்‌ஷன் வரும், எல்லாவற்றையும் கழற்று என்றார். காப்புகளை உடனே கழற்றினாள். "கையில இருக்கிறது கழட்டறேன் சார். முதுகுல இருக்கிறது யாரு மேலயும் படாது" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். சாவி தங்கிவிட்டது.

அந்தச் சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கை நீளம் இருக்கும். தட்டையான வெள்ளித் தகடு, நடுவில் ஓட்டைகள், இடையில் செம்பும் பித்தளையும் பட்டையாக வைத்துப் பதித்தது. கீழ்முனையில் பற்கள். தகடு முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி மெல்லிய கோடுகளும் புள்ளிகளும். நான் ஒரு நாள் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கோடுகளுக்குள்ளே கோடுகள் இருந்தன. அது எந்தப் பூட்டுக்கும் சாவி இல்லை என்றாள். ஒரு காலத்தில் வீட்டுப் பெட்டிச் சாவியைப் பெண்கள் முக்காட்டு முனையில் முடிந்து பின்னால் போட்டுக்கொண்டார்களாம், பிறகு அதுவே நகையாகிவிட்டதாம். பாலைவனக் காற்றில் தலைத்துணி பறக்காமல் அதன் கனம் பிடித்துக்கொள்ளும். அவர்கள் பாஷையில் அதற்கு ஒரு பெயர் உண்டு. பவுனு தொண்டைக்குள்ளிருந்து அதைச் சொல்வாள், எனக்கு வரவில்லை.

துவாரெக் என்று ஒரு மக்கள். சகாரா பாலைவனத்தில் ஒட்டகமும் கூடாரமுமாக இருந்தவர்கள், இப்போது டவுன்களிலும் இருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டின்போது அவர்களைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல எனக்கு வாய் மூடாது. அங்கே முகத்தை மூடிக்கொள்பவன் ஆண், பெண் திறந்த முகத்தோடு இருப்பாள். கூடாரம் பெண்ணுக்குச் சொந்தம். சண்டை வந்தால் புருஷன்தான் மூட்டையைக் கட்ட வேண்டும். "அந்தச் சாவிய முதுகுல போட்டா, இந்த வூடு என்னுதுன்னு அர்த்தம்" என்பாள் பவுனு. தங்கத்தை அந்தப் பெண்கள் விரும்ப மாட்டார்கள், அது கேடு கொண்டுவரும் என்று பழையவர்கள் நம்புவார்கள், வெள்ளிதான் சுத்தம். அவள் வார்டில் உதவியாளாக இருந்த ஃபதிமத்தா என்ற துவாரெக் பெண், பவுனின் தாலியைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்குவாளாம். "அது வேற கணக்கு, கழட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

சாவி அந்த ஃபதிமத்தாவுடையது. அவளுக்கு முன்னால் அவள் அம்மாவுடையது. அம்மாவின் மூத்த மகன், ஒட்டகங்களோடு உப்பு வாங்கப் போனவன், திரும்பி வரவில்லை. அவர்கள் ஊரிலும் உப்புதான், பாத்தி கட்டி எடுத்துப் பாலைவனம் தாண்டிக் கொண்டுபோவார்கள். மணலில் தொலைந்தவனுக்குக் கண் தெரியாது, சத்தம்தான் கேட்கும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. அம்மா தினமும் சாவியை முதுகில் போட்டுக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே வெகுதூரம் நடந்துவிட்டு வருவாளாம்.

"ஒரு நாளு பின்னாடி காலடிச் சத்தம் கேட்டுதாம். அந்தம்மா திரும்பிப் பாக்கல. பாத்தா அங்கியே நின்னுடுவாங்களாம். அப்படியே தெனம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டினு வந்தாங்களாம்."

"கூடாரத்துக்கு வந்தானா?"

"கிட்ட வந்துட்டான். அப்புறம் அந்தம்மா செத்துட்டாங்க."

"அப்ப அவன்?"

பவுனு டிபன் பாக்ஸை மூடினாள். "அதுக்கப்புறம் யாருக்கும் சத்தம் கேக்கல" என்றாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தயிர்சாதத்தை முடித்துவிட்டு ஊறுகாயை வழித்துத் தின்றாள். எதையும் பாதியில் விட மாட்டாள்.

சண்டை நெருங்கி இந்திய நர்ஸுகளை எல்லாம் பஸ்ஸில் ஏற்றியபோது, ஃபதிமத்தா தன் முக்காட்டு முனையை அவிழ்த்து சாவியை இவள் கையில் வைத்திருக்கிறாள். உன் ஊரிலும் உப்பும் காற்றும் இருக்கிறது, உனக்கு இது தேவைப்படும் என்றாளாம். பவுனு இதைச் சொல்லும்போதெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி கேட்பாள். "அப்ப எனக்கு யாருடி காணாமப் போயிருந்தாங்க? அவரு வூட்ல வல பின்னிக்கினு இருந்தாரு. அவளுக்கு எப்படித் தெரியும்?"

அவளுடைய கணவர் ஃபைபர் போட்டில் போகும் மீனவர். வாட்டசாட்டமான ஆள். கிளினிக் வாசலுக்கு வந்தால், உள்ளே வராமல் சங்கரா மீன் பையை ஜன்னலில் மாட்டிவிட்டுப் போவார். ஒரு சாதாரண நாளில், காற்றோ மழையோ இல்லாத நாளில், தனியாகக் கடலுக்குப் போனவர் வரவில்லை. போட்டைக் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் நிறுத்தியிருந்தது. வலை மடித்து வைத்திருந்தது. தூக்குவாளியில் கஞ்சி அப்படியே இருந்தது. செருப்பு ஜோடியாக இருந்தது. ஆள் மட்டும் இல்லை. எந்தக் கரையிலும் ஒதுங்கவும் இல்லை.

குப்பத்துப் பஞ்சாயத்தார் பொறுத்திருந்து பார்த்தார்கள். பிறகு, வைக்கோலில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம், தாலியை இறக்கிவிடலாம் என்று சொல்லியனுப்பினார்கள். அந்தப் பேச்சு நடந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவள் எழுந்து உள்ளே போனாள். தாலியைத் தானே கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து, சாமி மாடத்தில் வைத்தாள். அழக் காத்திருந்த பெண்கள் வாயைத் திறப்பதற்குள் வெளியே வந்து, "தங்கத்தக் கழட்டிட்டேன். அவர கழட்டல. வைக்கோல கொளுத்தற வேலையெல்லாம் வேணாம், அவரே வரட்டும்" என்றாள். கழுத்தில் அந்த ஐந்து கட்டப் பதக்கம் மட்டும் கிடந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது, தலையில் பூ இல்லை.

அன்றிலிருந்து அவளைச் சுமங்கலி என்பதா, மற்றது என்பதா என்று யாருக்கும் புரியவில்லை. கல்யாண வீட்டில் மஞ்சள் குங்குமத் தட்டை நீட்டுவதா வேண்டாமா என்று பெண்கள் திணறுவார்கள். அவள் அந்தத் தட்டுக்கு முன்னால் நிற்கவே மாட்டாள், பந்திக்குப் போய் பரிமாற ஆரம்பித்துவிடுவாள். ஒரு பெண் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கழுத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிற ஊர்தானே இது.

அவர் பெயரை அவள் சொன்னதே இல்லை. 'அவரு'தான். புருஷன் பெயரைச் சொல்லாத பழைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் பேச்சுவாக்கில், துவாரெக் ஆட்கள் செத்தவர்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்றாள். சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடுமாம்.

"இங்க உயிரோட இருக்கிற புருஷன் பேரச் சொல்லக் கூடாது. அங்க செத்தவங்க பேரச் சொல்லக் கூடாது. நீ இப்ப எந்தக் கணக்குல சொல்லாம இருக்க?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

"ரெண்டுத்துலயும்தான். எனக்கு இன்னா நஷ்டம்?" என்று சிரித்தாள். சிரித்தது வாய் மட்டும்தான்.

அவர் காணாமல் போன பிறகுதான் அவள் பஸ்ஸை விட்டுவிட்டு உப்பளத்து வழியாக நடக்க ஆரம்பித்தாள். யாராவது பின்னாலிருந்து "சிஸ்டர்" என்று கூப்பிட்டால் நிற்க மாட்டாள், திரும்ப மாட்டாள். கூப்பிட வேண்டுமானால் முன்னால் வந்து கூப்பிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். உப்பளத்துப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. அவள் போகும்போது வரப்பை விட்டு இறங்கி வழிவிட்டார்கள், அவள் போன பிறகும் உடனே ஏறாமல் கொஞ்சம் நின்று ஏறினார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "சும்மாதாம்மா" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

நானும் ஒரு முறை அவளோடு அந்த வழியில் போனேன். மத்தியான வெயில். இரண்டு பக்கமும் பாத்தித் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது, தூரத்தில் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள். ஆள் இல்லை. வெயிலுக்காக எல்லோரும் கொட்டகைக்குப் போயிருந்தார்கள். அவள் முன்னால், நான் பின்னால். அவள் செருப்புச் சத்தம், சாவியின் 'டிங்', என் செருப்புச் சத்தம். சொந்தக்காரப் பெண்ணின் சீமந்தத்துக்கு என்ன புடவை எடுக்கலாம் என்று நான் பேசிக்கொண்டே போனேன். பாதி வழியில் பேச்சு தானாக நின்றுவிட்டது. என் செருப்புக்குப் பின்னால் இன்னொரு சத்தம் இருந்தது. ஈரக் கால் மண்ணில் படும் சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது.

"திரும்பாத விஜி" என்றாள் பவுனு, என்னைப் பார்க்காமலே.

"பம்ப்செட்டு தண்ணி அடிக்கிற சத்தம்."

"ஆமா, பம்ப்செட்டுதான். நீ நட."

நான் விஞ்ஞானம் படித்தவள். மலேரியா கிருமியைக் கண்ணால் பார்த்து எண்ணுகிறவள். அன்று என் கழுத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு குப்பத்து எல்லை வரைக்கும் நடந்தேன். கோயில் வேப்பமரம் வந்ததும் பின்னால் இருந்த சத்தம் நின்றது. பவுனு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போலப் பேசினாள்.

"முன்னெல்லாம் அந்த மூணாவது குவியல்கிட்டயே நின்னுடுவாரு. இப்ப மரம் வரைக்கும் வர்றாரு. வூட்டுக்குத்தான் வர மாட்டேங்கிறாரு."

"வந்தா இன்னா பண்ணுவ?"

"வந்தா திரும்பிப் பாத்துடுவேன்ல. அதான் வர்றதில்ல போல." பிறகு சொன்னாள், "ஒண்ணு சொல்றேன், கேளு. நான் போறப்ப சாவி என் முதுகுல இருக்கட்டும். அவரு வழி தெரியாம நின்னுடப் போறாரு. அந்தம்மா அவங்க புள்ளைய கூட்டினு போனாங்க. நானும் கூட்டினு போயிடறேன்."

சரி என்றேன். அப்போது என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவள் இறந்த அன்று அந்தச் 'சரி' எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. டாக்டர் வந்து பார்த்து ஹார்ட் அட்டாக் என்றார். குப்பத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே முதல் சண்டை ஃப்ளெக்ஸ் கடைக்காரரால் வந்தது. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு போட்டோ வாங்கிக்கொண்டு போனவர் போன் செய்து, கணவர் பெயருக்கு முன்னால் 'லேட்' போடவா வேண்டாமா என்று கேட்டார். பவுனின் தம்பி ஏழுமலை, "போடுப்பா, இதுல இன்னா டவுட்டு?" என்றான். அவளுடைய நாத்தனார் அஞ்சலை எழுந்துவிட்டாள்.

"எங்க அண்ணன் செத்ததப் பாத்தியா நீ? ஒடம்பப் பாத்தியா? பூவும் பொட்டும் வெச்சி, தாலியக் கட்டித்தான் அனுப்பணும். அதாலயே எங்க அண்ணன கழட்ட முடியல, நீ கழட்டறியா?"

"தாலியத்தான் அது கழட்டிடுச்சே! ஊரு சிரிக்கும் அஞ்சலை."

குளிப்பாட்டி முடித்து, ஈரப் புடவையோடு அவளைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஒரு பெண் கையில் குங்குமம், இன்னொரு பெண் கையில் விபூதி. இருவரும் அசையாமல் நின்றார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. "ரெண்டையும் கீழ வைங்க" என்று கத்தினேன். "அவ எப்படி நடந்தாளோ அப்படியே அனுப்புங்க. அந்த வெள்ளியப் போடுங்க, போதும்." அஞ்சலைதான் பதக்கத்தைக் கட்டினாள், காப்புகளைப் போட்டாள், முந்தானையைத் தோளுக்கு மேல் இழுத்து சாவியை முதுகுக்கு அடியில் தள்ளினாள். பேனரில் 'பவுனு சிஸ்டர்' என்று மட்டும் போட்டால் போதும் என்று நானே கடைக்காரருக்குச் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். பாடையைத் தூக்குவதற்கு முன்னால் உடம்பிலிருந்து நகைகளை எல்லாம் கழற்றிவிடுவது வழக்கம். கூட்டத்தில் நான் பின்னால் தள்ளப்பட்டிருந்தேன். ஏழுமலை குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறான். பறை ஆரம்பித்து, வெடி வெடித்து, பாடை தெருமுனை தாண்டிய பிறகுதான் அஞ்சலை என்னிடம் வந்தாள். கையில் சாவி.

"அக்கா, மத்தது வூட்ல இருக்கட்டும். இத நீயே வெச்சுக்கோ. எனக்கு பயமா இருக்குது. அது பாட்டுக்கு ஆடுது."

காற்று இல்லை. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும், சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. சுடுகாடு உப்பளத்துக்கு அந்தப் பக்கம். ஊர்வலம் வரப்பில் ஏறிவிட்டது, வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே பூக்குவியல் சின்னதாகிக்கொண்டே போனது. அவள் முன்னால் போகிறாள், முதுகில் சத்தம் இல்லை. அவருக்கு எப்படி வழி தெரியும்? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்போது எனக்கு உலகத்தில் வேறு கேள்வியே இல்லை.

துப்பட்டா முனையில் சாவியை முடிந்து தோளுக்குப் பின்னால் போட்டேன். வேப்பமரத்தடிக்குப் போய் கொஞ்சம் நின்றேன். பிறகு வரப்பில் ஏறி நடந்தேன். "அக்கா, எங்க போற? பொம்பள போவக் கூடாதுக்கா!" என்று அஞ்சலை பின்னாலிருந்து கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. சாவி முதுகில் தட்டிக்கொண்டே வந்தது. அது அவ்வளவு கனம் என்று கையில் வைத்துப் பார்த்தபோதெல்லாம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது குவியலைத் தாண்டும்போது பின்னால் சத்தம் சேர்ந்துகொண்டது.

அதே ஈரக் கால். அன்றைக்குத் தூரத்தில் இருந்தது, இன்று நெருக்கத்தில். நான் வேகமாக நடந்தால் வேகமாக வந்தது. பம்ப்செட் அன்று ஓடவில்லை, சாவுக்காக உப்பளத்தில் வேலையை நிறுத்தியிருந்தார்கள். திரும்பிவிட வேண்டும், ஒரே ஒரு முறை பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்று தோன்றியது. அப்போது என் வாய் தானாகச் சொன்னது, சத்தமாக, அவள் குரலில், அவள் இழுக்கும் அதே இழுப்பில்: "திரும்பிப் பாக்காதீங்க, முடிஞ்சிடும்."

யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்காகவும் இருக்கலாம்.

சுடுகாட்டு எல்லையில் ஒரு கல் இருக்கிறது. அதற்கு மேல் நான் போகவில்லை. நின்று, கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் வந்த கால் நிற்கவில்லை. என் வலது பக்கமாக, தோளில் படாமல், கடந்து போனது. எஞ்சின் எண்ணெயும் நனைந்த வலையும் சேர்ந்த வாடை. சங்கராப் பையை ஜன்னலில் மாட்டும்போது வருமே, அதே வாடை. பிறகு பறைச் சத்தம் மட்டும். ஏழுமலை தீ வைத்த நேரம் அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கண் திறந்தபோது வரப்பில், ஊர்வலம் போன சுவடுகளுக்கு மேலே, புதிதாக ஒரு ஜோடிக் காலடித்தான் இருந்தது என்று எழுதவும் ஆசை, இரண்டு ஜோடி இருந்தது என்று எழுதவும் ஆசை. நான் குனிந்து பார்க்கவில்லை. வந்த வழியே திரும்பினால் திரும்பிப் பார்த்ததாக ஆகிவிடும் என்று, சுடுகாட்டைச் சுற்றிக்கொண்டு, முள்ளில் துப்பட்டாவைக் கிழித்துக்கொண்டு, ஈ.சி.ஆர். ரோட்டுக்குப் போய் பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பவுனு இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்திருப்பாள்.

சாவி என்னிடம் இருக்கிறது. லேப்பில் ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கிறேன். அவள் முதுகில் இருந்தவரை பளபளவென்று இருந்தது, இப்போது இந்த ஊர்க் காற்றில் எல்லா வெள்ளியும் போலக் கறுத்துக்கொண்டு வருகிறது. நான் தேய்த்து விளக்கவில்லை. அவளுடைய காரியம் முடிந்த பிறகு, அதை முதுகில் போட்டுக்கொண்டு உப்பளத்து வழியில் பல முறை போய்ப் பார்த்துவிட்டேன். என் செருப்புச் சத்தம் இருக்கிறது, சாவிச் சத்தம் இருக்கிறது. பின்னால் யாரும் வருவதில்லை. உப்பளத்துப் பெண்களும் இப்போது நான் போனதும் உடனே வரப்பில் ஏறிவிடுகிறார்கள். அந்த வெறும் வழிதான் அவள் எனக்கு விட்டுப்போனது. அதில் நடக்கும்போது சில நாள் நிம்மதியாக இருக்கிறது, சில நாள் அழுதுகொண்டே போகிறேன்.

அவளுடைய கணவர் பெயரை இதில் எங்கும் நான் எழுதவில்லை. ஃபதிமத்தாவின் ஆட்கள் சொல்வது சரியென்றால், இனி அவள் பெயரையும் நான் சொல்லக் கூடாது. அதனால் இதுதான் கடைசி முறை. சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று நாம் சொல்ல மாட்டோம், போனவர்களிடம் போய் வா என்றும் சொல்ல மாட்டோம்.

பவுனு, போ. திரும்பிப் பாக்காத.